நானூற்றுப் பன்னிரண்டு துண்டுக் கப்பல்

ஆகஸ்ட் 26

அவர் மௌத்தாகி இன்றோடு ஒன்பது நாள். புருஷன் போனவள் என்பதால் நான்கு மாதமும் பத்து நாளும் நான் இந்த மாடி அறையில் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. நகை, அத்தர், கண்மை, மருதாணி ஒன்றும் கூடாது. வாசல் தாண்டக்கூடாது. எல்லாம் தெரிந்ததுதான். என் உம்மா இத்தா இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பது வேறு.

நாள் எண்ண வேண்டுமே என்று அவருடைய டைரியை எடுத்தேன். ஆகஸ்ட் 17 வரை அவர் கையெழுத்து, அதற்கு மேல் காலி. காலிப் பக்கத்தில் நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்துவதற்கும் ஆள் போய்விட்டது.

ஆகஸ்ட் 18-லிருந்து எண்ணினேன். டிசம்பர் 18-க்கு நாலு மாதம். பத்து நாள் சேர்த்தால் டிசம்பர் 28.

ஆகஸ்ட் 29

துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வி. "கடைசியா கூப்பிட்டாவளா? ஏதாச்சும் சொன்னாவளா?"

கூப்பிடவில்லை என்றேன். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், டீ எடுத்துக்கொண்டு மேலே வந்து பார்த்தால் மேசையில் தலை வைத்துக் கிடந்தார் என்றேன். தெருவில் மூத்தவரான மைமூன் மாமிக்கு மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 30

பீடி சுற்றினேன். முந்நூறு.

செப்டம்பர் 4

ரகுமத் சோறு கொண்டு வந்தாள். ரகுமத் என் கொழுந்தனார் பீர் முகம்மதின் மனைவி, என்னை அக்கா முறையில் லாத்தா என்பாள். இந்த வீடு அண்ணன் தம்பி இருவருடைய வாப்பா கட்டியது. கீழே பீர் குடும்பம், மேலே நாங்கள் இரண்டு பேர். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

தட்டை வைத்துவிட்டு அவள் போகவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"லாத்தா, நம்ம இர்பானுக்கு ஜனவரில நிக்காஹ் வச்சிருவோம்னு பொண்ணு வீட்டுல சொல்லுதாவ."

"நல்லதுதானே."

"பொண்ணு வந்தா ரூம் வேணும்லா. உங்க இத்தா முடிஞ்சதும் இத வெள்ளையடிச்சு அதுகளுக்குக் குடுத்துருவோம்னு இவுக சொல்லுதாவ. உங்களுக்குக் கீழ அடுப்படிக்குப் பக்கத்துல இருக்குல்லா, அரிசி மூட்ட கெடக்குற ரூம்பு. அத ஒழுங்கு பண்ணிருவோம். ஏறி எறங்குற கஷ்டமும் உங்களுக்கு இருக்காது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. முப்பத்தோரு வருஷம் இந்த அறையில் படுத்திருக்கிறேன். அதில் இருபத்திரண்டு வருஷம் அவர் சவுதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். இந்த அறையில் அவரைவிட நான்தான் அதிகம் இருந்தேன்.

தம்பி உதுமானிடம் போகலாம் என்றால், அவனுக்கு வாடகை வீடு, நாலு பெண் பிள்ளைகள்.

செப்டம்பர் 9

மேசை மேல் போட்டிருந்த போர்வையை இன்றைக்குத்தான் எடுத்தேன். எல்லாம் அவர் விட்டது விட்டபடி. நான்தான் போர்வையைப் போட்டேன், மையித்தைத் தூக்கிப் போன அன்று.

எழுதி வைக்கிறேன், எனக்கே தெளிவாக இருக்கட்டும். இது விண்வெளிக் கப்பல். நிஜமாக இல்லாத கப்பல், கதையில் வருவது. பெட்டியில் துண்டு துண்டாக வரும். ஜன்னல் கம்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் காய் காய்த்த மாதிரி துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஓர் எண். வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு துண்டு. முழுதாக முடிந்தால் என் கை நீளம் வரும்.

தம்மாமில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் பழகினாராம். ஊருக்கு வந்தபிறகு சின்னதாக இரண்டு செய்தார். இது பெரிது. ஒன்றரை வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். "அம்பத்தேழு வயசுல பொம்மைக்கு மூக்கு ஒட்டுதியளே" என்று நான் கேட்டிருக்கிறேன். "ஒட்டினாத்தானே அது மூச்சு விடும்" என்பார்.

மூடிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று துண்டுகளை எண்ணினேன். அவர் ஒட்டியது நூற்று நாற்பத்தைந்து. மீதி இருநூற்று அறுபத்தேழு.

மூடவில்லை.

செப்டம்பர் 13

விளக்கத்தாளில் பாஷை ஜப்பான். ஆனால் படம் இருக்கிறது, எண் இருக்கிறது. எண் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் எழுத்து 'எஃப்' வரைக்கும்தான் வருகிறது, அதுவும் போதும்.

அவருடைய வெட்டுக் குறடு என் கைக்குப் பெரிது. நகவெட்டியால் வெட்டினேன். இருபத்தைந்து வருஷம் பீடி வாய் மடக்கிய விரல். மூன்று துண்டு ஒட்டினேன். அவர் ஒட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு துண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவருக்குக் கண் மங்கல். எது விழுந்தாலும் மாடியிலிருந்து, "பாத்திமா, ஒரு சாமான் உருண்டுட்டு" என்று ஒரு சத்தம். நான் ஏறி வந்து மண்டி போட்டுத் தேட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. சோறு அடுப்பில் இருக்கும்.

செப்டம்பர் 14

முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அறை என்னிடம் இருக்கிறவரைதான் செய்ய முடியும். அரிசி மூட்டைக்கு நடுவில் மேசை போட இடமில்லை, வெளிச்சமில்லை. இங்கிருந்து அரைகுறையாக இறக்கினால் குப்பைக்குத்தான் போகும். டிசம்பர் 28. ஒரு நாளைக்கு மூன்று துண்டு என்றால் முடியும்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆள் வரும் சத்தம் கேட்டால் பீடி இலை வைக்கும் சுளகைக் கப்பல் மேல் கவிழ்த்துவிடுகிறேன்.

செப்டம்பர் 22

எஞ்சின் துண்டு இரண்டையும் இடம் வலம் மாற்றி ஒட்டிவிட்டேன். காய்ந்தபிறகுதான் தெரிந்தது. பிளேடைச் சூடு காட்டி அறுத்தெடுத்தேன். ஒரு நாள் வேலை வீண். தொழுதுவிட்டுப் படுத்தேன்.

இந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதற்கும் துணி போட்டிருக்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கிறது. யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை. மற்ற நாளாக இருந்தால் குரல் கொடுத்திருப்பேன். இத்தாவில் இருக்கிறவள் ஜன்னலில் நின்று கத்த முடியாது. அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 3

உதுமான் வந்தான். கூடப்பிறந்தவன், அதனால் உள்ளே வரலாம். பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனிடம் மறைக்க முடியவில்லை. பசை தீர்ந்துவிட்டது, அவன்தான் வாங்கித் தர வேண்டும்.

கப்பலைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு, "லாத்தா, இது எப்ப கெளம்பும்?" என்றான்.

"டிசம்பர்ல."

"மீட்டர் உண்டா, இல்ல பேசித்தான் ஏறணுமா?"

சிரித்துவிட்டேன். சிரித்தது கீழே கேட்டிருக்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். நாற்பத்தாறு நாளில் முதல் தடவை.

போகும்போது அவன் முகம் மாறிவிட்டது. "மச்சான் கடைசில இதத்தான் கையில வச்சிருந்தாவளா?" என்றான்.

ஆமாம் என்றேன். பசை மறந்துவிடாதே என்றேன்.

அக்டோபர் 9

அவர் குறிப்பு நோட்டைப் படித்தேன். பெட்டிப் படத்தில் இருக்கிற மாதிரி சாம்பல் நிறத்தில், புதுசாக, போர்க் கப்பலாகச் செய்வது அவர் எண்ணம் இல்லை. எழுதியிருக்கிறார்: "துப்பாக்கி எல்லாம் நீக்கு. சரக்குக் கப்பல். செங்காவி. இருபது வருஷம் ஓடின மாதிரி பழசாத் தெரியணும். துரு, புகை, கீறல்." கிடங்குக்காரர். பதினாறு துப்பாக்கியையும் வெட்டி ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த பக்கத்தில்: "வெளிக்குழாய்க்கு எதாவது மெல்லிசா வேணும். கம்பி சரிவராது."

பீடி நூல் இருக்கிறதே. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பசையில் முக்கி இழுத்துக் கட்டினேன். காய்ந்ததும் குழாய் மாதிரியே இருக்கிறது.

அக்டோபர் 17

ஓட்டுநர் அறையை ஒட்டினேன். ஆள் பொம்மை ஒரு நெல் மணி அளவு. சாமணத்தால் பிடித்து உட்கார வைத்தேன்.

இருக்கை ஒன்றுதான். விளக்கத்தாளில் இரண்டு இருக்கிறது. இரண்டாவதை அவர் வெட்டவே இல்லை, சட்டத்திலேயே விட்டு வைத்திருக்கிறார். நோட்டிலும் எழுதியிருக்கிறார்: "ஒரே ஆள் போதும்."

எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். இருபத்திரண்டு வருஷம் தனியாக இருந்துவிட்டு வந்த மனுஷனுக்கு மறுபடியும் தனியாகப் போக ஆசை. நான் வேண்டாமா? பிறகு யோசித்தேன், அவர் மேலே பொம்மையோடு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நான் கீழே நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது இருக்கையை நானும் வெட்டவில்லை.

அக்டோபர் 20

அன்றைக்கு நான் துணி துவைக்கவில்லை. துவைத்தது முந்தின நாள்.

அக்டோபர் 28

செங்காவிப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினேன். பெரிய பக்கங்களுக்குத் தூரிகை. இடுக்குகளுக்கு விரல்நுனிதான் சரிவருகிறது. உதுமான் வாங்கி வந்த தின்னரில் கழுவினாலும் நகத்தடியில் போகவில்லை.

நவம்பர் 2

மைமூன் மாமி வந்தார். மார்க்கக் கிதாபு படித்துக் காட்டினார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கும்போது என் கையைப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

நவம்பர் 4

தெருவே பேசிக்கொண்டிருக்கிறதாம். ரகுமத் படி ஏறி வந்த வேகத்திலேயே தெரிந்தது.

"லாத்தா, கையக் காட்டுங்க."

காட்டினேன். பத்து விரல் நுனியும் சிவப்பு.

"அல்லாவே. மைமூன் மாமி சொன்னப்ப நான் சண்டைக்குப் போனேன். எங்க லாத்தா அப்படிப்பட்டவுக இல்லன்னேன். இத்தாவுல மருதாணி போட்டிருக்கியளே, யாருக்காக? எங்க மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"மருதாணி இல்ல ரகுமத்."

"பின்ன? செங்கல்ல இடிச்சியளா?"

மருதாணி என்றே இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். புருஷன் செத்த அறையில் உட்கார்ந்து பொம்மை செய்கிறாள் என்பதற்கு அது தேவலையா என்று யோசித்தேன். பிறகு சுளகைத் தூக்கினேன்.

ரகுமத் கிட்டே வந்தாள். குனிந்தாள். விரலால் தொட்டுவிட்டு, பெயிண்ட் ஒட்டிய தன் விரலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள்.

"பைத்தியம் புடிச்சிட்டா லாத்தா உங்களுக்கு?"

"தெரியல."

"இதுக்கு மருதாணியே போட்டிருக்கலாம்" என்றாள். பிறகு மைமூன் மாமி வீட்டுக்கு அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மாமிக்கு நம்பிக்கை வரவில்லையாம். ரகுமத் தன் விரலைக் காட்டினாளாம்.

நவம்பர் 5

பீர் வந்து கதவுக்கு வெளியே, மேல்படியில் உட்கார்ந்தார். இத்தாவில் அவர் என் முகம் பார்க்கக்கூடாது, குரல் மட்டும். அண்ணனை அவர் காக்கா என்பார், என்னை மைனி.

"மைனி, காக்கா கப்பலயா செய்யுதிய?"

"ஆமா தம்பி."

"முடிஞ்சிருமா?"

"முடிக்கணும்."

வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கும் சத்தம் கேட்டது.

நவம்பர் 11

மழை. பெயிண்ட் காயவில்லை. பீர் இன்றைக்கும் வந்து படியில் உட்கார்ந்துவிட்டுப் போனார். இது நாலாவது தடவை.

நவம்பர் 16

எழுதிவிடுகிறேன். எழுதாமல் வேலை ஓடவில்லை.

அன்றைக்கு நான் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கடையில் பீடிக் கட்டுக் கொடுக்க வேண்டும், கணக்கில் நூற்றைம்பது குறைந்தது. "பாத்திமா" என்று கூப்பிட்டார். கேட்டது. சாமான் உருண்டிருக்கும், கிடக்கட்டும் என்று இருந்தேன். மறுபடி, "பாத்திமா." நான் வாய்க்குள்ளே, "ஒங்க பொம்மையும் நீங்களும்" என்று சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது.

மூன்றாவது தடவை மெதுவாகக் கூப்பிட்டார். பேர் முழுதாக வரவில்லை. "பா" என்று மட்டும் வந்தது. அது வேறு மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கையிலிருந்த பீடிக்கு வாய் மடக்கினேன். அதை முடித்து இன்னொன்றும் சுற்றினேன்.

அதற்குப் பிறகுதான் டீ போட்டேன்.

நவம்பர் 17

ஏழு துண்டு.

நவம்பர் 28

துரு வைக்கிறேன். பீடித் தூளைப் பொடி செய்து, பசைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் அசல் துரு. சட்டி அடிக் கரியை விரலால் தேய்த்தால் எஞ்சின் புகை. ரகுமத் இப்போதெல்லாம் வந்து பார்க்கிறாள். "இங்க கொஞ்சம் தேயுங்க லாத்தா, ரொம்பப் புதுசா இருக்கு" என்று யோசனை வேறு.

இன்றைக்கு அவள்தான் சொன்னாள். "இருபத்தெட்டா? யாரு சொன்னா? இத்தாவுக்குப் பிறைக் கணக்குல்லா. இங்கிலீஷ் மாசமா எண்ணுனிய?"

இத்தனை வயதில் இது தெரியாதா எனக்கு? அவர் டைரியில் எழுத ஆரம்பித்ததால் அவர் டைரித் தேதியிலேயே எண்ணிவிட்டேன். அவர் மௌத்தானது பிறை ஒன்று. பிறை மாதத்தில் இருபத்தொன்பதும் வரும். ரகுமத் மார்க்கம் படித்த ஆலிமாவிடம் கேட்டு வந்தாள். டிசம்பர் 13 சாயங்காலம் பிறை தெரிந்தால் 24-ஆம் தேதி காலையில் வெளியே வரலாமாம். தெரியாவிட்டால் 25.

"நாலு நாள் முன்னாடியே விடுதல லாத்தா" என்றாள், சந்தோஷமாக.

வெள்ளையடிக்க ஆள் 24-ஆம் தேதிக்கே சொல்லியாயிற்றாம். இன்னும் தொண்ணூற்று இரண்டு துண்டு இருக்கிறது.

டிசம்பர் 2

கையில் பிளேடு வெட்டிவிட்டது. நாலு துண்டு.

டிசம்பர் 9

பீர் படியில் வந்து உட்கார்ந்தார். இன்றைக்குப் பேசினார்.

"மைனி, நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால சோறு திங்க முடியல."

"சொல்லுங்க தம்பி."

"காக்கா அன்னைக்குக் கூப்பிட்டாவ."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.

"நான் முன்வாசல்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ. ரெண்டு தடவ. பொம்மைக்குத்தான் கூப்பிடுதாவ, மைனி போவாவன்னு இருந்துட்டேன். நீங்க கொல்லையில துவைச்சிட்டு இருந்தது எனக்குத் தெரியாது மைனி. அப்புறம் வந்தவங்ககிட்ட எல்லாம் நீங்க, கூப்பிடல கூப்பிடலன்னு சொன்னிய. எனக்கு மட்டுந்தான் தெரியும், கூப்பிட்டாவன்னு. நான் ஒரு எட்டு ஏறிப் பாத்திருந்தா..."

ஐம்பத்தைந்து வயது ஆண் அழும் சத்தத்தைக் கதவு வழியாகக் கேட்பது கஷ்டம். கதவில் கை வைத்தேன்.

"ஒண்ணு முடிவு பண்ணிருக்கேன் மைனி" என்றார். "இந்த ரூம் உங்களுக்குத்தான். நீங்க மௌத்தாகுற வரைக்கும். இர்பானுக்கு வெளிய வீடு பாத்துக்குவோம். காக்காவுக்கு நான் செய்ய முடியுறது இனி அது ஒண்ணுதான்."

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

டிசம்பர் 10

அறை எனக்குத்தான்.

டிசம்பர் 11

மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். இனி அவசரம் இல்லை. ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்ளலாம். பீர் கதவுக்கு அந்தப் பக்கம் அழுதபோது, நானும் கேட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு வார்த்தை.

துண்டு ஒன்றும் ஒட்டவில்லை.

டிசம்பர் 13

அஸர் தொழுகைக்குப் பிறகு மேகம் கட்டியது. போன வாரம் என்றால், ஒரு நாள் கூடக் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் கலைந்துவிட்டது. பிறை தெரிந்ததாகப் பள்ளிவாசலில் அறிவித்தார்கள்.

டிசம்பர் 16

கீழே சண்டை. ரகுமத்தின் குரல் மாடி வரைக்கும் கேட்டது.

"பொண்ணு வீட்டுக்கு என்ன பதில் சொல்ல? வீட்டுல ரூம் இருக்குன்னு சொல்லித்தானே பேசி முடிச்சோம். திடீர்னு என்னத்துக்கு இந்தப் புத்தி? லாத்தா கேட்டாவளா?"

பீர் பதில் சொல்லவில்லை. அவர் வாய் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

சோறு கொண்டு வந்தபோது ரகுமத் என் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பலையும் பார்க்கவில்லை.

டிசம்பர் 18

இரண்டு துண்டு. இரண்டும் கோணல்.

டிசம்பர் 19

ரகுமத் சொன்னாள், "இவுகளுக்கு என்னமோ ஆயிப்போச்சு லாத்தா. பாதிச் சோறத் தட்டுல விட்டுட்டு எந்திரிச்சிருதாவ. மாடிப்படியிலயே உக்காந்து கெடக்காவ. யாராச்சும் யாரையாவது சத்தமாக் கூப்பிட்டா ஓடுதாவ. நேத்து பக்கத்து வீட்டுக்காரி அவ மகளக் கூப்பிட்டதுக்குப் போயி நிக்காவ, என்ன வேணும்னு."

தட்டை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

இந்த அறையில் நூற்று இருபது நாளுக்கு மேல் அடைந்து கிடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் மூச்சு முட்டவில்லை. இன்றைக்கு முட்டுகிறது.

டிசம்பர் 21

பீர் ளுஹர் தொழுதுவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, நான் கொல்லையில இல்ல."

"என்ன மைனி?"

"அன்னைக்கு. நான் துணி துவைக்கல. மாடிப்படிக்குக் கீழதான் பீடி சுத்திட்டு இருந்தேன். எனக்கும் கேட்டுது. பொம்மைக்குத்தான்னு நானும் இருந்துட்டேன்."

போய்விட்டாரோ என்று நினைத்தேன். கதவின் கீழ் இடுக்கில் அவர் கால் நிழல் தெரிந்தது.

"எல்லார்கிட்டயும் கூப்பிடலன்னு பொய் சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லிருக்கேன். என் பேரத்தான் கூப்பிட்டாவ, உங்க பேர இல்ல. போயிருக்க வேண்டியது நான். நீங்க சோறு தின்னுங்க."

"எத்தன நாளா மைனி இத மனசுல வச்சிட்டு இருக்கிய?" என்றார்.

"உங்களுக்கு எத்தன நாளோ, எனக்கும் அத்தன நாள்."

அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். அறையைப் பற்றி இருக்கும் என்று நினைத்தேன். அவருக்கு அது கேட்கக் கஷ்டமான பேச்சு. நானே சொல்லிவிட்டேன்.

"இருபத்துநாலாந் தேதி வெள்ளையடிக்க ஆள் வரட்டும். இர்பான் புள்ள வெளிய போயி இருக்க வேண்டாம்."

"மைனி, ரூமு..."

"நீங்க குடுத்தது ஒரு காரணத்துக்கு. அந்தக் காரணம் சரியில்ல."

டிசம்பர் 22

ரகுமத் கறி ஆக்கியிருந்தாள். பீர் இரண்டு தடவை வாங்கித் தின்றாராம். என்ன சொன்னிய நீங்க என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு எண்ணத் தெரியாமல் நாலு நாள் தப்பாக எண்ணிவிட்டேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டாம்.

டிசம்பர் 23

ஒன்பது துண்டு. பாக்கி நாற்பத்தொன்று. முடியாது.

டிசம்பர் 24

காலையில் குளித்துத் தொழுதேன். பெண்கள் வந்தார்கள், மைமூன் மாமியும். யாசீன் ஓதினார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் போகல பாரு" என்றார்.

வெள்ளையடிக்கிறவன் வாளியோடு கீழே காத்திருந்தான். கப்பலை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. நானே ஏந்திக்கொண்டு படி இறங்கினேன். ரகுமத் முன்னாலே பின்பக்கமாக இறங்கி, "மெதுவா, மெதுவா, றெக்க இடிக்கும்" என்று கையை விரித்துக்கொண்டே வந்தாள். பீர் முன்வாசலில் எழுந்து நின்றார். செங்காவி அடித்தபிறகு அவர் கப்பலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கிட்டே வந்து ஓட்டுநர் அறைக்குள் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "துரு நல்லா வந்திருக்கு மைனி" என்றார்.

அரிசி மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கி, என் மேசையைப் போட்டிருந்தார்கள். வெளிச்சம் இல்லை. ரகுமத் சொல்லி, பீர் ஸ்டூல் போட்டு ஏறிப் புது பல்பு மாட்டினார். ரகுமத் அடுப்பைப் பார்க்கப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் சட்டத்தில் மீதியிருந்த துண்டுகளை எண் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் முதுகு என் பக்கம். பல்பைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"மைனி, நான் ரெண்டு தடவ கேட்டேன். அதுக்கப்புறம் நான் பேப்பர மடிச்சு வச்சிட்டுத் தெருவுக்குப் போயிட்டேன். அப்புறமும் கூப்பிட்டாவளா?"

பல்பு எரிந்தது. அவர் திரும்பவில்லை.

"இல்ல தம்பி" என்றேன். "ரெண்டு தடவதான்."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கப்பலை பல்புக்கு நேராகத் தள்ளி வைத்துவிட்டு, பி முப்பத்தொன்றை நகவெட்டியால் வெட்டினேன்.